கல்கத்தா அப்பாக்கள்

தெற்குக் கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுக்குக் காலை ஏழு மணிக்குப் போனால், மீன் கடைகளைச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்களாகத்தான் இருப்பார்கள். பேங்க் மேனேஜர், வக்கீல், ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று எல்லார் கையிலும் ஒரு பை. ரோகு மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். கட்லாவின் வயிற்றை விரலால் அழுத்துவார்கள். இலிஷ் விலையைக் கேட்டுச் சத்தம் போடுவார்கள். வங்காளி வீட்டில் மீன் வாங்குவது அப்பாவின் வேலை. அதை யாரும் பெண்கள் வேலை என்று சொல்வதில்லை.

1980களில் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்திலிருந்து மத்திய அரசு வேலை கிடைத்து வந்து லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய ஒரு கிறிஸ்தவ இளைஞருக்கு இந்தக் காட்சி புதிதாக இருந்தது. ஊரில் அவருடைய அப்பா சந்தைக்குப் போவார், வாங்கி வந்ததைத் திண்ணையில் வைப்பார், அதோடு சரி. அடுக்களை வாசலைத் தாண்டி அவர் உள்ளே போய் யாரும் பார்த்ததில்லை. கோயிலில் முன் வரிசை, வீட்டில் முதல் பந்தி, இரவு குடும்ப ஜெபத்தில் வேதபுத்தகம் அவர் மடியில். குடும்பத் தலைவன் என்றால் அதுதான் என்று ஊரே நம்பிய காலம். திருமண ஆராதனையில் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தைச் சபை ஐயர் வாசிக்கும்போது, மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்கிற இடம் எல்லார் காதிலும் விழும். கிறிஸ்து சபைக்காகத் தன்னையே ஒப்புக்கொடுத்ததைப்போலக் கணவன் நடக்க வேண்டும் என்கிற அடுத்த பகுதி அவ்வளவாக விழாது.

அவருக்கு வாய்த்த மனைவி நர்ஸ். கல்கத்தாவிலேயே ஒரு மருத்துவமனையில் வேலை. மாதத்தில் பாதி நாள் இரவு டியூட்டி. ஊரில் இருந்திருந்தால் அம்மாவோ அத்தையோ வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு நாள் ரயில் தூரத்தில் யார் வருவார்கள்? மகள் பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது, காலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்கும் ஒரே பெரிய ஆள் அவர்தான். தலைவனாக இருப்பதா, தலை பின்னிவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. பள்ளி வண்டி ஏழரைக்கு வந்துவிடும்.

அந்த இரட்டைப் பின்னல் மகளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா முதலில் வகிடு எடுக்கவே சிரமப்படுவார். சீப்பின் ஓரப் பல்லை நெற்றி நடுவில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்கழுத்துவரை ஒரே கோடாக இழுப்பார். கோணினால் மறுபடியும் முதலிலிருந்து. தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு வரத் தேய்த்துவிட்டுத்தான் தலையில் வைப்பார். கல்கத்தா ஜனவரியில் எண்ணெய் உறைந்துபோய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் வராது. முதல் வாரங்களில் பின்னல் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். பக்கத்து வீட்டு வங்காளிப் பாட்டியிடம் போய் உட்கார்ந்து, மூன்று கால்களையும் அடியிலிருந்தே இறுக்கிப் பின்னும் விதத்தைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். அதன்பிறகு வகுப்பில் அவளுடைய பின்னல்தான் கடைசி மணிவரை குலையாமல் நின்றது. ரிப்பனை மடித்துக் கட்டும் முடிச்சு மட்டும் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. அதை மகளே கட்டிக்கொள்வாள்.

மீனும் அப்படித்தான் வந்தது. கடல் மீன் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு ஆற்று மீனின் சேற்று வாடை ஆகவில்லை. மீன்காரர், காலால் அழுத்திப் பிடித்த பெரிய அரிவாள்மனையில் ரோகுவைத் துண்டு போட்டுக்கொண்டே வழி சொன்னார்: மஞ்சளும் உப்பும் தடவி ஊற வை, கடுகு எண்ணெயைப் புகையக் காய்ச்சி முதலில் பொரித்து எடு, பிறகு குழம்பில் போடு. அப்படியே செய்து, ஊர் முறைப்படி தேங்காய் அரைத்துவிட்ட புளிக்குழம்பில் போட்டார். இன்றைக்கும் அந்த வீட்டு மீன் குழம்பு பாதி நாசரேத், பாதி கல்கத்தா.

ஒருமுறை கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிடித்து ஊரிலிருந்து தாத்தா வந்தார். மறுநாள் காலை அடுக்களையில் மகன் நிற்பதைக் கண்டதும் அவருக்குத் தாளவில்லை.

“ஏல, இது என்ன சோலி? பொம்பள வேலைய நீ பாத்துக்கிட்டு நிக்க?”

“அவ ராத்திரி பூரா வார்டுல நின்னுட்டு வந்திருக்கா அப்பா. தூங்கட்டும்.”

தாத்தா பதில் பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டு வெளியே போய்விட்டார். ஊருக்குத் திரும்பும்வரை அவருக்கு மனசு ஒப்பவில்லை என்பது மகளுக்குத் தெரியும். ஆனால் ரயில் ஏறும் முன், பேத்தியின் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தாம்ல இறுக்கியிருக்கான்” என்றார்.

விடுமுறை நாட்களில் அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகரத்தைச் சுற்றுவார். டல்ஹௌசி சதுக்கத்தில் அவருடைய அலுவலகம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மிஷன் ரோவில் ஒரு பழைய ஆலயம் உண்டு. ஓல்ட் மிஷன் சர்ச் என்பது பெயர். வங்காளிகள் லால் கிர்ஜா, சிவப்புக் கோயில் என்பார்கள். அதைக் கட்டிய கியர்நாண்டர் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர். ஸ்வீடன் நாட்டு லூத்தரன் மிஷனரி. 1740 முதல் கடலூரில் ஊழியம் செய்தவர். 1758இல் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது கல்கத்தாவுக்கு வந்தார். தன் பணத்தைப் போட்டு இந்த ஆலயத்தைக் கட்டினார், 1770இல் திறப்பு.

ஒரு தகப்பனாக அவர் கதை பரிதாபமானது. மகன் ராபர்ட் கட்டடத் தொழிலில் இறங்கிக் கடன் வாங்கினான். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். தொழில் மூழ்கியது. கண்பார்வை மங்கிய முதுமையில், 1787இல், கடன்காரர்களுக்காக ஆலயமே ஜப்தி செய்யப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் கிராண்ட் 10,000 ரூபாய் கொடுத்து அதை மீட்டார். கியர்நாண்டர் கல்கத்தாவை விட்டுச் சின்சுராவுக்குப் போய்விட்டார், 1799இல் இறந்தார். பிள்ளை கேட்டதையெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது நம் ஊர்த் தகப்பன்மாருக்கும் தெரிந்த வழிதான். நேரம் கொடுக்க முடியாதவர்கள் கையெழுத்துக் கொடுக்கிறார்கள். கியர்நாண்டர் அப்படிப்பட்டவரா என்று இன்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் பட்ட பாடு மட்டும் கண்முன் நிற்கிறது.

அதே ஆலயத்தில் 1843 பிப்ரவரி 9 அன்று 19 வயது இளைஞர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். மதுசூதன் தத்தர். வங்க இலக்கியத்தையே புரட்டிப்போட்ட கவிஞர். அப்பா ராஜநாராயண் வசதியான வக்கீல். மகன் மதம் மாறியதில் உடைந்துபோனாலும் சில காலம் படிப்புச் செலவுக்குப் பணம் கொடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். அதன்பின் மதுசூதன் வந்து சேர்ந்த ஊர் சென்னை. 1848இல் இங்கே வந்து, அநாதைப் பிள்ளைகளுக்கான மெட்ராஸ் ஆண்கள் விடுதிப் பள்ளியில் ஆசிரியரானார். அந்த ஆண்டே ரெபெக்கா என்ற பெண்ணை மணந்தார். நான்கு குழந்தைகள். 1849இல் அவருடைய ஆங்கிலக் காவியம் சென்னையில்தான் அச்சானது.

1855இல் அப்பா இறந்தார். சொத்து விவகாரத்துக்காக 1856இல் மதுசூதன் கல்கத்தாவுக்குக் கிளம்பினார். ரெபெக்காவும் நான்கு பிள்ளைகளும் சென்னையிலேயே நின்றுபோனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. ஹென்றியேட்டா என்ற பெண்ணுடன் கல்கத்தாவில் வேறொரு குடும்பம் அமைந்தது. ரெபெக்கா 1892வரை சென்னையில் வாழ்ந்து இறந்தார்.

1861இல் மதுசூதன் எழுதிய மேகநாத வதம் காவியத்தின் உயிர் எது என்று கேட்டால், மகனை இழந்த இராவணனின் துயரம் என்றுதான் சொல்ல வேண்டும். கம்பனில் இந்திரசித்து என்கிற மேகநாதன் மாண்டபின் இராவணன் புலம்புவதைப் படித்துக் கலங்கிய தமிழ் வாசகர், வங்கத்திலும் அந்தத் தகப்பனைக் கண்டு கலங்குவார். ஒரு தகப்பனின் நெஞ்சை அவ்வளவு ஆழமாக அறிந்த கை, சென்னையில் விட்டுவந்த நான்கு பிள்ளைகளிடம் திரும்பவில்லை. மேதையின் வாழ்க்கை அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. சென்னையில் அந்த நான்கு பிள்ளைகளுக்குக் காலையில் சோறு போட்டது யார் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. 1873 ஜூன் 26இல் ஹென்றியேட்டா இறந்தார். மூன்று நாள் கழித்து மதுசூதன். லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி இருக்கிறது.

ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் செராம்பூர் போய்விடலாம். தமிழ்க் கிறிஸ்தவருக்கு அது அந்நிய ஊர் அல்ல. தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் டேனிஷ்காரர்களிடம் இருந்தது; 1845இல் இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயரிடம் விற்றார்கள். இன்றும் மதுரை அரசரடியிலும் சென்னை குருகுலத்திலும் இறையியல் படிக்கும் போதகர்கள் வாங்கும் பட்டம் செராம்பூர் செனட்டுடையது. ஹூக்ளிக் கரையில் உயரமான தூண்களோடு நிற்கும் கல்லூரி முகப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டி, வில்லியம் கேரி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி எத்தனை மொழிகளில் வேதத்தைக் கொண்டுவந்தார் என்று அப்பா சொன்னார். 1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு, 1818இல் கல்லூரி. ஞாயிறு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் கேட்ட கதை. கதையின் மறுபாதியை மகள் கல்லூரி நாட்களில் படித்துத் தெரிந்துகொண்டாள்.

கேரி 1793இல் கப்பலேறத் துணிந்தபோது மனைவி டாரதி முதலில் வரமாட்டேன் என்றார். கையில் பிறந்து சில வாரமே ஆன குழந்தை. கப்பல் தாமதமானதால் கடைசி நேரத்தில் தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சம்மதித்தார். மறு ஆண்டே வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். குழி வெட்டவும் பெட்டி சுமக்கவும் ஆள் கிடைக்காமல் குடும்பம் தவித்தது. டாரதியின் மனநிலை அதிலிருந்து மீளவே இல்லை. 1807இல் அவர் இறக்கும்வரை, ஒரு அறையில் அவருடைய கூச்சல், பக்கத்து அறையில் கேரியின் மொழிபெயர்ப்பு.

பிள்ளைகள் கட்டுக்கடங்காமல் வளர்ந்தார்கள். கேரிக்கு அதைக் கண்டு வருத்தம் உண்டு, கண்டிக்கும் திடம் இல்லை என்று உடன் ஊழியம் செய்த ஹன்னா மார்ஷ்மன் கவனித்திருக்கிறார். அந்தப் பையன்களுக்கு உண்மையில் தகப்பனாக நின்றவர்கள் ஹன்னாவும், அச்சுக்கூடம் நடத்திய வில்லியம் வார்டும்தான். மூத்தவன் ஃபீலிக்ஸ் வார்டின் பக்கத்தில் நின்று அச்சுத்தொழில் கற்றான். 1800 டிசம்பர் 28இல் ஹூக்ளி ஆற்றில், கிருஷ்ண பால் என்ற தச்சர் செராம்பூர் மிஷனின் முதல் வங்காளி விசுவாசியாக ஞானஸ்நானம் பெற்ற அதே நாளில், ஃபீலிக்ஸுக்கும் அப்பாவின் கையால் ஞானஸ்நானம். பிறகு பர்மாவுக்கு ஊழியம் போனான். 1814இல் ஐராவதி ஆற்றில் படகு கவிழ்ந்து மனைவியையும் குழந்தைகளையும் பறிகொடுத்தான். அலைந்து திரிந்து செராம்பூர் திரும்பி, வங்காளத்தில் உடற்கூறு நூல் எழுதி, 1822இல் அப்பாவுக்கு முன்பே இறந்துபோனான்.

கேரியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. அந்தக் காலத்தில் மனநோய்க்கு மருந்து கிடையாது; விடுதிக்கு அனுப்பிவிடச் சொன்னவர்கள் இருந்தும் டாரதியை அவர் வீட்டிலேயே வைத்திருந்தார். அது சாதாரணக் காரியமல்ல. ஆனால் மிஷனரி நாள் கொண்டாடும் நம் சபைகள் அவர் மொழிபெயர்த்த வேதங்களை எண்ணிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த வீட்டைத் தாங்கிய வார்டையும் ஹன்னாவையும் பிரசங்க மேடையில் கேட்பது அரிது. ஊழியத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் தகப்பனின் பிள்ளைகளை யாரோ ஒருவர் வளர்க்கத்தான் வேண்டியிருக்கிறது. கன்வென்ஷன், உபவாச ஜெபம், கமிட்டிக் கூட்டம் என்று வாரம் முழுவதும் வெளியே இருந்துவிட்டு, மகன் ஆலயத்துக்கு வருவதில்லையே என்று அழும் மூப்பர்களைப் பார்க்காத சபை தமிழ்நாட்டில் இல்லை.

நல்ல உதாரணங்களும் கல்கத்தாவிலேயே உண்டு. பார்க் சர்க்கஸ் பக்கம் கிறிஸ்து அரசர் ஆலயத்தின் பங்கு மன்றத்தில் 1967இல் நீல் ஓ பிரையன் நடத்திய வினாடி வினாதான் இந்தியாவில் பொதுமக்களுக்கான முதல் வினாடி வினா என்று சொல்வார்கள். ஆங்கிலோ இந்தியர், கல்வியாளர். மூன்று மகன்களும் அந்தக் கேள்வி பதில் சூழலிலேயே வளர்ந்தவர்கள். அவர்களில் டெரெக்கை நாடு அறியும்.

இன்னொருவர் டாக்டர் வேஸ் பயஸ். கோவாவில் பிறந்து கல்கத்தாவை ஊராக்கிக்கொண்ட கத்தோலிக்கர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஹாக்கி வெண்கலம் வென்ற அணியில் ஆடியவர். பிறகு விளையாட்டு மருத்துவர். 1973 ஜூனில் மகன் லியாண்டர் பிறந்தான். மனைவி ஜெனிஃபர் இந்தியக் கூடைப்பந்து அணியின் தலைவியாக இருந்தவர். மதுசூதன் தத்தரின் வம்சத்தில் வந்தவர். அந்த முன்னோர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன அதே சென்னைக்கு, பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சிக் கூடத்தில் சேர லியாண்டரை இந்தக் குடும்பம் சிறுவயதிலேயே அனுப்பிவைத்தது. அனுப்பியதோடு கைகழுவவில்லை. மகனின் ஆட்ட வாழ்க்கை நெடுக மருத்துவராகவும் ஆலோசகராகவும் வேஸ் பயஸ் கூடவே நின்றார்.

1996 ஆகஸ்ட் 3. அட்லாண்டாவில் பிரேசில் வீரர் மெலிஜெனியிடம் முதல் செட்டைத் தோற்று, அடுத்த இரண்டையும் வென்று லியாண்டர் வெண்கலம் பெற்றான். தனிநபர் போட்டியில் 1952க்குப் பிறகு இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். கல்கத்தாவே ஆடியது. லேக் மார்க்கெட் வீட்டில் அப்பா மறுநாள் பத்திரிகையில் முதலில் தேடியது தகப்பன் என்ன சொன்னார் என்பதை. ஒரே வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒலிம்பிக் பதக்கம். வேஸ் பயஸ் 2025 ஆகஸ்ட் 14இல் கல்கத்தாவில் இறந்தார், வயது 80.

லேக் மார்க்கெட் வீட்டில் இரண்டாவது குழந்தை 1999இல் பிறந்தது. ஐந்தாவது ஊதியக் குழுவை ஒட்டி மத்திய அரசு ஊழியர்களுக்குப் 15 நாள் தந்தைமை விடுப்பு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. விண்ணப்பம் கொடுத்தபோது அலுவலகத்தில் சிலர் சிரித்தார்கள். பெற்றது அவளா, நீயா? அவர் அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் இருந்தார். குழந்தைக்கு வெந்நீர் வைத்தார், துணி அலசினார், மனைவிக்குப் பூண்டுக் குழம்பு வைத்தார். இரவில் குழந்தை அழுதால் தோளில் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் கீர்த்தனை பாடி நடப்பார். அப்பா பாடியதைப் பாதித் தூக்கத்தில் கேட்டதால்தான் அந்தக் கீர்த்தனைகள் எல்லாம் தனக்கு மனப்பாடம் என்கிறாள் மகள். ஞாயிறு பள்ளியில் கற்றவை பல மறந்துவிட்டன.

குடும்ப ஜெபமும் அந்த வீட்டில் தாத்தா நடத்தியதுபோல் இருக்காது. அம்மாவின் டியூட்டியைப் பொறுத்து நேரம் மாறும். வேதபுத்தகம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆளுக்கு நாலு வசனம். யோசேப்பைப் பற்றிய பகுதி வந்தால் அப்பாவுக்குத் தனி உற்சாகம். நான்கு சுவிசேஷங்களிலும் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனதுதான் எழுதியிருக்கிறது என்பார். கத்தோலிக்கர் சூசையப்பர் என்று கொண்டாடும் அந்தத் தச்சரை நம் புராட்டஸ்டண்ட் பிரசங்கங்கள் கிறிஸ்துமஸ் நாடகத்தோடு மறந்துவிடுவது அவருக்குக் குறை.

அந்த 1999 குழந்தை இப்போது பெங்களூரில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். இந்தியாவில் தனியார் ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. தாய்மாருக்கான விடுப்பை 2017இல் 26 வாரமாக உயர்த்திய சட்டத் திருத்தம் தகப்பனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நம் பேராயங்களும் மறைமாவட்டங்களும் எத்தனையோ பள்ளிகளை, கல்லூரிகளை, மருத்துவமனைகளை நடத்துகின்றன. ஆண்டுதோறும் ஜூன் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம் என்று சட்டைப்பையில் ரோஜா குத்திவிடுகிறோம். அந்த நிறுவனங்களில் நிர்வாகத்தின் சம்பளத்தில் வேலை செய்யும் ஆண்களுக்கு, குழந்தை பிறந்தால் சம்பளத்தோடு 15 நாள் விடுப்பு தர எந்தச் சட்டமும் தடையில்லை. நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் போதும். அடுத்த கூட்டத்தில் உட்காரப்போகும் சகோதரர்களே, அதை முன்மொழியுங்கள்.